கடலோர ஊரில் ஒரு ஜாஸ் பேஸ்: கோட்டட் ஸ்ட்ரிங் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பேஸ் கிட்டார். நான்கு தந்தி, 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 20 ஃப்ரெட் (விரல் பலகையில் பதித்த குறுக்குக் கம்பி), இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்). ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் வடிவத்தில் அமைந்த கருவி. மாட்டியிருப்பது நிக்கல் முலாம் பூசிய எஃகு ரவுண்ட்வௌண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி), 45-65-85-105 செட். அதாவது ஜி தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு கனம், இ தந்தி 105 பங்கு. மேலே பிளாஸ்டிக் பூச்சு எதுவும் இல்லை.

வாசிக்கும் இடம் சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில், யாழ்ப்பாணம் மாதிரி உப்புக்காற்று படும் ஊர். ஞாயிறு காலை ஆராதனை, முகூர்த்த நாளில் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி, நடுவில் ஓர் ஒத்திகை என்று வாரத்துக்கு 8 மணி நேரம் கணக்கு. பெரும்பாலும் விரலால் வாசிப்பு. குத்துப் பாட்டு வந்தால் கொஞ்சம் ஸ்லாப், அதாவது கட்டை விரலால் தந்தியை அடிப்பது. கை வியர்க்கும்.

இது தனி ஒருவரின் கதை அல்ல. கடலோர ஊர்களில் மேடையேறும் பேஸ் வாசிப்பாளர் பலருக்கும் பொதுவாக இருக்கும் நிலையை ஒரே கருவியின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம். அளவுகளும் கணக்குகளும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தத் தக்கவை.

புகார் இதுதான்: புது செட் மாட்டிய முதல் வாரம் பளிச்சென்று பேசுகிறது. இரண்டாம் வாரம் மங்குகிறது. மூன்றாம் வாரம் இ தந்தி "தொம்" என்று மட்டும் கேட்கிறது; எந்தச் சுரம் என்று பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவருக்கே பிடிபடவில்லை. மாதம் ஒரு செட் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. கோட்டட் ஸ்ட்ரிங், அதாவது பூச்சுள்ள தந்தி, மாட்டினால் தீருமா?

தீரலாம். தீராமலும் போகலாம். தந்தி எதனால் சாகிறது என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது குருட்டு யோசனை. பூச்சு என்பது ஒரு குறிப்பிட்ட நோய்க்கான மருந்து. நோய் வேறாக இருந்தால் இரண்டு மடங்கு காசு கொடுத்தும் பலன் இல்லை.

தந்தி எப்படிச் சாகிறது

பேஸ் தந்தியின் நடுவே ஓர் எஃகு உள்கம்பி ஓடுகிறது. அதன்மேல் ஒன்று, இரண்டு, சில கனத்த தந்திகளில் மூன்று அடுக்காகச் சுற்றுக்கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். திறந்த இ தந்தியின் அடிப்படை அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கரில் அது பாதிகூட வெளியே வராது. காது அந்தச் சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேலடுக்கு அதிர்வுகளான 82, 124, 165 ஹெர்ட்ஸ் என்று ஏறிக்கொண்டே போகும் வரிசையை வைத்துத்தான். தந்தி சாகும்போது முதலில் போவது இந்த வரிசையின் மேற்பகுதி. "தொம்" என்ற சத்தத்துக்குக் காரணம் அதுவே.

மேற்பகுதியைக் கொல்பவை மூன்று. முதலாவது அழுக்கு. தோல் துகளும் எண்ணெயும் வியர்வையும் சுற்றுகளின் இடுக்கில் போய் அடைகின்றன. கம்பிகள் ஒன்றோடொன்று நழுவ வேண்டிய இடத்தில் பசைபோல் இருந்து உராய்வைக் கூட்டுகின்றன. வேகமான அதிர்வுகள் அங்கேயே அடங்கிவிடுகின்றன. அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேராது. விரல் அதிகம் படும் இடத்தில் எடை கூடி, சில இடத்தில் கூடாமல் இருந்தால் தந்தியின் எடை சீர்கெடுகிறது, 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி ஒட்டாமல் போகிறது.

இரண்டாவது துரு. நிக்கல் முலாம் மெல்லியது. ஃப்ரெட் உரசும் இடத்தில் அது தேய்ந்ததும் அடியிலுள்ள எஃகு வெளியே தெரியும். வியர்வை உப்பும் கடற்காற்றும் அதைச் செம்பழுப்பாக்கிவிடும்.

மூன்றாவது அடிபடுதல். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சுற்றுக்கம்பி ஃப்ரெட்டின் மேல் மோதித் தட்டையாகிறது. ஸ்லாப் வாசிப்பவருக்கு இது பன்மடங்கு. தந்தியின் அடிப்பக்கத்தில் ஃப்ரெட்டுக்கு ஒன்றாக வரிசையாகப் பள்ளம் விழும்.

முதல் இரண்டையும் பூச்சு தடுக்கும் அல்லது தள்ளிப்போடும். மூன்றாவதை எந்தப் பூச்சும் தடுக்காது.

வாங்கும் முன் செய்யும் சோதனை

பழைய செட்டைத் தூக்கி எறியாமல் அதையே சாட்சியாக்க வேண்டும். சோதனை எளிது, செலவு சொற்பம்.

முதலில் கண்ணும் நகமும். தந்தியைச் சற்றுத் தளர்த்தி, அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நகத்தை நட்டிலிருந்து (டியூனர் பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை) பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தி மாட்டும் தாங்கி) பக்கமாக மெல்ல இழுத்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் நகம் தட்டும். 3, 5, 7-ஆம் ஃப்ரெட்களுக்கு மேலே ஆழமாகத் தட்டினால் அடிபடுதல் பெரிய பங்கு வகிக்கிறது. பள்ளம் லேசாக இருந்து தந்தி கறுத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் அழுக்கின் மேல் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது ஆல்கஹால் குளியல். தந்திகளைக் கழற்றித் தளர்வான வளையமாகச் சுருட்டி, மூடி போட்ட தட்டையான எவர்சில்வர் டப்பாவில் வைத்து, மூழ்கும் அளவுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊற்றுங்கள். டப்பாவின் அகலத்தைப் பொறுத்து அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் பார்த்தால் அடியில் கருஞ்சாம்பல் வண்டல் படிந்திருக்கும். தந்தியைப் பழைய துணியால் துடைத்து, காற்றில் நன்றாக உலரவிட்டு மறுபடி மாட்டுங்கள். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. இது சட்டென்று பற்றும் திரவம். கருவியின் மேல் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சில வகை பாலிஷை அது கரைத்துவிடும்.

இப்போது வாசித்துக் கேட்பதுதான் தீர்ப்பு. பளிச்சென்ற ஓசை பெரும்பகுதி திரும்பி வந்தால் தந்தியைக் கொன்றது அழுக்கு. இந்தக் கைக்குக் கோட்டட் ஸ்ட்ரிங் பொருந்தும். குளித்த பிறகும் மந்தமாகவே இருந்தால் கம்பி தேய்ந்துவிட்டது, பூச்சு உதவாது. அந்த ஆள் மலிவான செட்டை அடிக்கடி மாற்றுவதே சரி. நான்கில் ஒரே ஒரு தந்தி மட்டும் மந்தம் என்றால் அது வேறு கதை: மாட்டும்போது முறுக்கு ஏறியிருக்கும், அல்லது சுற்று தளர்ந்திருக்கும்.

குளிப்பாட்டியே காலம் தள்ளலாமே என்று தோன்றும். ஓரிரு முறை முடியும். ஆனால் டியூனர் (சுருதி முறுக்கும் திருகு) தண்டில் ஒருமுறை மடிந்த தந்தியை நிமிர்த்தி மறுபடி மடிக்கும்போது அந்த இடம் களைத்துப்போகும். மேடையில் டியூன் செய்கையில் அறுந்தால் அங்கேதான் அறும்.

நம் கருவியின் நிலவரம்: வியர்க்கும் கை, விரல் வாசிப்பு, குறைந்த ஸ்லாப், கடற்காற்று. சோதனையில் இப்படிப்பட்ட கைகளுக்கு அழுக்கும் துருவுமே முன்னால் வரும். எனவே பூச்சுத் தந்தி நியாயமான தேர்வு.

பூச்சில் இரண்டு குலம்

"கோட்டட்" என்ற ஒரே சொல்லுக்குள் வேறுபட்ட இரண்டு செய்முறைகள் ஒளிந்திருக்கின்றன. கடையில் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, தந்தியைச் சுற்றி முடித்தபின் முழுத் தந்திக்கும் மேலே மெல்லிய உறை போடுவது. எலிக்ஸிர் இந்த வழி. அதைச் செய்வது அமெரிக்காவின் டபிள்யூ. எல். கோர் நிறுவனம். மழைக்கோட்டில் நாம் பார்க்கும் கோர்டெக்ஸ் துணியும் அவர்களுடையதே. சமையல் சட்டியில் ஒட்டாத பூச்சாக நமக்குத் தெரிந்த டெஃப்லான் குடும்பத்துப் பொருளை வேகமாக இழுத்தால் நுண்துளைகளோடு விரியும் என்று பாப் கோர் 1969-இல் கண்டார். அந்தப் பொருளை மிதிவண்டி கேபிள்களின் மேல் போட்டுப் பழகிய அதே நிறுவனம், 1990-களின் இறுதியில் கிட்டார் தந்தியைக் கொண்டுவந்தது. பேஸுக்கு அவர்கள் தருவது நானோவெப் என்ற மெல்லிய உறை. நிக்கல் முலாம் பூசிய எஃகிலும் ஸ்டெயின்லெஸ் எஃகிலும் கிடைக்கும். உறை இடுக்குகளின் மேலேயே பாலம்போல் படிவதால் அழுக்கு உள்ளே நுழைய வழியில்லை. இதுதான் அதன் முழு பலம்.

மற்றொன்று, சுற்றுக்கம்பிக்கு முதலில் பூச்சுக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உள்கம்பி மேல் சுற்றுவது. டடாரியோ நிறுவனத்தின் பழைய இ.எக்ஸ்.பி. வரிசை இந்த வழி. தொடுவதற்குச் சாதாரணத் தந்தி மாதிரியே இருக்கும், ஓசையும் அதற்கு மிக அருகில். துரு நன்றாகத் தள்ளிப்போகும். ஆனால் சுற்றுகளின் இடுக்கு திறந்தே இருக்கிறது, தோல் துகள் உள்ளே போகும்.

ஆக, முதல் எதிரி துரு என்றால் இரண்டாம் வகை போதும்; கை உணர்வும் மாறாது. முதல் எதிரி பிசுக்கு என்றால் முழு உறை வேண்டும். நம் கருவிக்கு முழு உறை.

கறுப்பிலும் பளபளக்கும் நியான் நிறங்களிலும் டிஆர் நிறுவனம் பூச்சுத் தந்திகள் தருகிறது. மேடை விளக்கில் அழகாக இருக்கும். விரலும் ஃப்ரெட்டும் படும் இடத்தில் நிறம் போனால் அது தூரத்திலிருந்தே தெரியும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும்.

உலோகம், கனம், நீளம்

பூச்சை மாற்றும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் ஏமாற்றங்களில் பாதி இங்கே பிறக்கிறது. பழைய செட் நிக்கல் 45-105 ஆக இருக்க, புதுசாக ஸ்டெயின்லெஸ் 45-100 கோட்டட் மாட்டிவிட்டு "பூச்சு போட்டால் ஓசை மாறிவிட்டது" என்பார்கள். மாறியது மூன்று விஷயம். பழி ஒன்றின் மேல்.

ஸ்டெயின்லெஸ் எஃகு நிக்கலைவிடப் பளிச்சென்று ஒலிக்கும், துருவுக்கும் அதிகம் தாங்கும். ஆனால் சாதாரண ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வர் என்ற மிருதுவான உலோகக் கலவை. அதை ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் தேய்க்கும். முழு உறைத் தந்தி முதல் நாளில் சற்றே மென்மையாகக் கேட்பதால், அதை ஈடுகட்ட ஸ்டெயின்லெஸ் உறைத் தந்தி எடுப்பவர்கள் உண்டு. அது சரியான தந்திரம்தான். எனினும் முதல் செட்டில் வேண்டாம். நிக்கலில் பூச்சின் குணத்தைத் தெரிந்துகொண்டு இரண்டாவது செட்டில் முயலலாம்.

கனத்தில் சின்ன மாற்றம்கூட இழுவிசையில் பெரிதாகத் தெரியும். ஒரே மாதிரித் தயாரான தந்திகளில் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி நகரும். 105-லிருந்து 100-க்கு இறங்கினால் 100-ஐ 105-ஆல் வகுத்து வர்க்கமாக்க 0.907, ஏறத்தாழ 9 சதவீதம் தளர்வு. 34 அங்குல ஸ்கேலில், வழக்கமான சுருதியில், டடாரியோவின் நிக்கல் தந்திகளுக்கு 105 இ தந்தி ஏறத்தாழ 18 கிலோ இழுக்கிறது, 85 ஏ தந்தி 22, 65 டி தந்தி 23, 45 ஜி தந்தி 19. மொத்தம் 83 கிலோவை ஒட்டி வருகிறது. ஓர் ஆள் நெக்கைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது ஓரிரு கிலோ வேறுபடும்.

பாடகர் வசதிக்காக அரைச் சுருதி இறக்கி வாசிக்கும் குழுக்களில் இழுவிசை இன்னும் 11 சதவீதம் குறையும். இ தந்தியை டி வரை இறக்கினால் 20 சதவீதத்துக்குமேல். இப்படி இறக்கி வாசிப்பவர் 105-ஐ விட்டு 100-க்குப் போனால் இ தந்தி கயிறாகத் தொங்கும். நம் கருவிக்கு 45-65-85-105 அப்படியே தொடரட்டும். எலிக்ஸிரில் மீடியம் என்று குறிப்பிடும் செட் இதே அளவு.

நீளத்தையும் அளந்துவிட்டே வாங்குங்கள். பெட்டியில் "லாங் ஸ்கேல்" என்று இருந்தால் 34 அங்குலக் கருவிக்குப் பொதுவாகப் பொருந்தும். ஆனால் தந்தி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியே வரும் பிரிட்ஜ் என்றால் உடலின் கனத்துக்கு ஏற்பக் கூடுதல் நீளம் பிடிக்கும். தந்தி முனையிலுள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, அதற்கு மேலும் முழுக் கனம் நட்டைத் தாண்டி வருகிறதா என்று தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட வேண்டும். நட்டுக்கு முன்பே தந்தி மெலிந்து முனையில் சுற்றிய பட்டுநூல் தொடங்கினால் திறந்த சுரம் நிற்காது. 30 அங்குலக் கருவிக்கு லாங் ஸ்கேல் தந்தி வாங்கினால் எதிர்க்கோளாறு: கனத்த பகுதி டியூனர் தண்டில் சுற்ற வேண்டிவரும், முறியும்.

மாட்டும் முறை

சாதாரணத் தந்தியில் கவனக்குறைவு பொறுத்துப் போகும். உறைத் தந்தியில் மாட்டும்போது விழும் ஒரு கீறல் அப்படியே அழுக்குக்கு வாசல் திறந்துவிடும்.

பழைய தந்திகளை எடுத்ததும் பிரிட்ஜின் துளை விளிம்பையும் சாடிலின் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) பள்ளத்தையும் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. 600 எண் உப்புத்தாளைச் சுருட்டி மெல்லத் தேய்த்து எடுங்கள். நட் பள்ளத்தில் மென்மையான பென்சிலால் கரி பூசினால் தந்தி சிக்காமல் நழுவும். ஃபிங்கர்போர்டைத் துடைப்பதும் ஃப்ரெட்டை மெருகேற்றுவதும் இப்போதே. புதுத் தந்தி ஏறிய பிறகு ஸ்டீல் உல் பக்கத்திலேயே வரக் கூடாது: உறையைக் கிழிக்கும், அதன் துகள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

1. தந்தியைப் பிரிட்ஜ் துளைக்குள் நேராக நுழையுங்கள். விளிம்பில் உரசியபடி சாய்வாக இழுக்காதீர்கள். குண்டு உட்கார்ந்த சத்தம் வரும் வரை இழுங்கள்.

2. டியூனர் தண்டைத் தாண்டி இன்னும் 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, அங்கே தந்தியை முதலில் செங்கோணமாக மடியுங்கள். பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி உள்கம்பி மேல் நழுவித் தளரும்; அந்தத் தந்தி மாட்டிய அன்றே செத்தது.

3. மேலே பிளவும் நடுவே துளையும் உள்ள தண்டில், வெட்டிய முனையைத் துளைக்குள் முழுதாக இறக்கி, பிளவு வழியே வெளியே மடித்து, கீழ்நோக்கி இரண்டு அல்லது மூன்று சுற்று. சுற்றும்போது தந்தியைக் கையால் முறுக்கக் கூடாது. முறுக்கு ஏறினால் உள்கம்பி சுழன்று சுரம் அலையும்.

4. சுருதிக்கு வந்ததும் சாடிலுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் தந்தியைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்துங்கள். கனத்த தந்தி அந்த இடத்தில் வளைவாக ஏறி இறங்கும். அதை அழுத்திக் கூர்மையான திருப்பமாக்கினால்தான் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒட்டுவது) நிலைக்கும். இதற்கு இடுக்கி கூடாது.

5. தந்தியை மெல்ல மேலே இழுத்து விட்டு மறுபடி டியூன் செய்யுங்கள். மூன்று நான்கு முறை செய்தபின் சுருதி நிற்கும்.

அதே கனம் என்றாலும் உள்கம்பியின் பங்கு வேறாக இருப்பதால் நெக் சற்று நகரலாம். ஒரு நாள் விட்டு அளவு பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, இ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 7-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். 9.5 முதல் 12 அங்குல வளைவுள்ள ஃபிங்கர்போர்டுக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு 0.3 மில்லிமீட்டர். 17-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் இ பக்கம் 2.4, ஜி பக்கம் 2.0 மில்லிமீட்டர். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்த நிலையில் பிக்கப்பிலிருந்து தந்திக்கு இ பக்கம் 2.8, ஜி பக்கம் 2.0. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான டிரஸ் ராடைக் கால் திருப்பத்துக்குமேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கடைசியாக 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டுச் சாடிலை நகர்த்துங்கள்: அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடில் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு.

எதிர்பாராமல் வரும் ஹம்

உறைத் தந்தி மாட்டியவுடன் பலரைப் பயமுறுத்துவது ஓசை மாற்றம் அல்ல, புதிதாகக் கேட்கும் "ங்ங்ங்" என்ற சத்தம். தந்தி கெட்டதென்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். கோளாறு தந்தியில் இல்லை, கருவியில் முன்பே இருந்தது. இப்போது வெளியே வந்திருக்கிறது.

பிரிட்ஜிலிருந்து ஒரு கம்பி கருவிக்குள் ஓடி ஜாக்கின் எர்த் முனையில் சேர்கிறது. சாதாரணத் தந்தியைத் தொடும்போது வாசிப்பவரின் உடம்பும் அந்த எர்த்தோடு இணைந்துவிடும். உடம்பு வாங்கிக் கடத்தும் மின்சத்தம் அடங்கும். டெஃப்லான் குடும்பம் மின்சாரம் கடத்தாத பொருள். தந்தி எர்த்தில்தான் இருக்கிறது, விரல் மட்டும் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. எனவே சத்தம் அடங்குவதில்லை. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் வால்யூமையும் சமமாக முழுக்கத் திறந்தால் சிங்கிள் காயிலுக்கே உரிய 50 ஹெர்ட்ஸ் ஹம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தால் மறுபடி தலைதூக்கும். இரண்டும் கலந்து வருவதால் குழப்பம் கூடுகிறது.

பிரித்தறிய: வாசிக்காமல் ஆம்பைத் திறந்து, வலக்கை விரலால் பிரிட்ஜின் உலோகத்தைத் தொடுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் கருவியின் உள்ளே ஷீல்டிங் (மின்சத்தத்தைத் தடுக்கும் உலோக மறைப்பு) போதவில்லை என்று பொருள். குறையாவிட்டால் மல்டிமீட்டரை எடுத்துப் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த்துக்கும் நடுவே தடையைப் பாருங்கள். ஓரிரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் கம்பி தளர்ந்திருக்கிறது. சால்டர் வைக்க வேண்டும்.

ஷீல்டிங் போதாத கருவிக்கு நிரந்தர மருந்து, பிக்கப் குழிகளையும் கண்ட்ரோல் குழியையும் பசையும் மின்சாரம் கடத்தும் செப்புத்தகடு நாடாவால் முழுக்க மூடி, அந்தத் தகட்டை எர்த்தோடு இணைப்பது. ஒட்டும் விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். அரை நாள் வேலை; அதன்பின் எந்தத் தந்தி மாட்டினாலும் கருவி அமைதியாக இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கல்யாண மண்டப மேடையில் எர்த் சரியில்லாத பிளக்கில் ஆம்ப் ஓடும்போது, மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிப்பது பலருக்கும் நடந்தது. பூச்சு விரலைத் தனிப்படுத்துகிறதே என்று அதைப் பாதுகாப்பாக எண்ணாதீர்கள். பிரிட்ஜும் நாப்பும் டியூனரும் வெறும் உலோகமே. தேய்ந்த இடத்தில் தந்தியும்தான். மூன்று பின் பிளக்கின் எர்த்தைச் சோதிக்கும் சிறிய டெஸ்டர் ஒன்று கிட்டார் பையில் இருக்கட்டும்.

விரலுக்கு எப்படி இருக்கும்

முழு உறைத் தந்தி வழுக்கும். இடக்கை இடம் மாறும்போது வரும் "கிரீச்" வெகுவாகக் குறையும், நீண்ட இழைவுகள் சுலபமாகும். வலக்கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும்: விரல் நுனி தந்தியைக் கவ்வுவது குறைவதால் முதலில் அடி பலவீனமாகத் தோன்றும். அதனால் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். வேண்டாம், விரலைப் பின் பிக்கப் பக்கம் சற்று நகர்த்தினால் கூர்மை திரும்பும், ஆம்பில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது ஏற்றினால் மீதி வந்துவிடும்.

முதல் நாள் ஓசையை வைத்து உறைத் தந்தியைச் சாதாரணத் தந்தியோடு ஒப்பிட்டால் உறைத் தந்தி தோற்கும். ஒப்பிட வேண்டியது நாற்பதாவது நாளை.

அதற்குக் காது நினைவு போதாது. ஆம்ப் இல்லாமல் நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினியில் பதிவுசெய்ய உதவும் பெட்டி) செருகி, கருவியின் எல்லா நாப்பும் முழுக்கத் திறந்த நிலையில், திறந்த இ, ஏ தந்தி 7-ஆம் ஃப்ரெட், ஜி தந்தி 12-ஆம் ஃப்ரெட் என்று மூன்று சுரத்தை நான்கு நான்கு நொடி பதிவுசெய்யுங்கள். வாசிக்கும் இடம் மாறாமல் இருக்க விரலைப் பின் பிக்கப்பின் முன் விளிம்பில் ஊன்றுங்கள். மாட்டிய நாளில் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. கைபேசியின் ஸ்பெக்ட்ரம் செயலியில் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதி எவ்வளவு சரிகிறது என்று பார்த்தால் எந்த வாரம் சாகிறது என்பது தெளிவாகும்.

காசுக் கணக்கு

பேஸ் உறைத் தந்தி செட் விலை சாதாரண செட்டின் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். பழைய செட் மூன்று வாரம், வாரம் 8 மணி நேரம், ஆக 24 மணி நேரம் உழைத்தது. விலை சரியாக இரண்டு மடங்கு என்றால் புது செட் 48 மணி நேரம், அதாவது ஆறு வாரம் தாண்டினால் அங்கிருந்து லாபம். விலை இரண்டரை மடங்கு என்றால் ஏழரை வாரம். வியர்க்கும் கையும் விரல் வாசிப்பும் உள்ள இடத்தில் இந்த எல்லையைத் தாண்டுவது கடினம் அல்ல. மாறாக, முழு நேரமும் ஸ்லாப் வாசிப்பவர், மோதிரத்தோடு வாசிப்பவர், கனத்த பிக் பயன்படுத்துபவர் இந்தக் கணக்கில் தோற்பார்கள்: உறை அடிபடும் இடத்தில் சீக்கிரம் கிழியும், அடியில் பள்ளம் எப்போதும்போல் விழும்.

பழைய திரைப்பாட்டுக்குரிய குண்டான, மேலடுக்கு குறைந்த ஓசைதான் வேண்டுமென்றால் பூச்சைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஃப்ளாட்வௌண்ட் மாட்டுங்கள். தட்டைக் கம்பி சுற்றியதால் இடுக்கே கிடையாது. பளிச்சென்ற குணம் அதற்கு முதலிலிருந்தே இல்லை என்பதால் சாவதற்கும் அதிகம் இல்லை. ஃப்ரெட் இல்லாத பேஸுக்கும் அதுவே சரி. ரோஸ்வுட் பலகையை ரவுண்ட்வௌண்ட் அரிப்பதைப் பூச்சு கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

பராமரிப்பும் மாற்றும் நேரமும்

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைத்தால் போதும். துணியைத் தந்திக்கும் பலகைக்கும் இடையே நுழைத்து ஒரே திசையில் இழுங்கள். ஸ்ப்ரே, எண்ணெய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். உறைத் தந்தியைக் கொதிநீரில் போடுவதும் சாதாரணத் தந்திக்குச் செய்த ஆல்கஹால் குளியலும் இங்கே அர்த்தமற்றவை; அழுக்கு உள்ளே இல்லை, கழுவ ஒன்றுமில்லை. மாற்று செட் வாங்கி வைத்தால் பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்து வைத்தால் வெட்டுமுனையிலும் குண்டிலும் துரு பிடிக்கும்.

சில வாரங்களில் விரல் அடிக்கும் இடத்தில் வெள்ளை நூல் மாதிரிப் பிசிறு எழும்பும். தந்தி கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். உறை உரிகிறது, அவ்வளவே. பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும். நகவெட்டியால் அடியோடு கத்தரித்துவிடுங்கள்.

மாற்ற வேண்டிய அடையாளங்கள் வேறு. 12-ஆம் ஃப்ரெட் சுரம் சாடிலை நகர்த்தியும் ஹார்மோனிக்கோடு ஒட்டாமல் போவது. அடிப்பக்கம் நகம் தட்டும் பள்ளம். உரிந்த இடத்தில் செம்பழுப்பு. பதிவில் மேற்பகுதி முதல் நாளின் பாதிக்குக் கீழே சரிந்திருப்பது. உறைத் தந்தி நாளுக்கு நாள் மெல்ல மங்காமல் நீண்ட நாள் ஒரே மாதிரி இருந்து, உறை விட்ட பிறகு சீக்கிரம் இறங்கும். ஆகவே முதல் துரு தெரிந்த வாரத்தில் முக்கியமான கச்சேரி இருந்தால் அதற்கு முன்பே, குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டு, புது செட்டை ஏற்றிவிடுங்கள். தந்தி இழுபட்டு நிற்கவும் நெக் அமரவும் அந்த இரண்டு நாள் தேவை.

நான்கில் ஒன்று மட்டும் அறுந்தால் அதே நிறுவனத்தின் அதே கனத்துத் தந்தியைத் தனியாக வாங்கி மாட்டலாம். ஆனால் பூச்சில்லாத தந்தியை நடுவில் கலந்தால் அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று துருத்திக்கொண்டு கேட்கும். அவசரத்துக்குச் சாதாரணத் தந்தி மாட்ட நேர்ந்தால் அதை ஏ, டி தந்திகளில் தவிர்த்து முடிந்தவரை ஜி தந்தியோடு நிறுத்துங்கள். பெரும்பாலான பாட்டுகளில் பேஸின் வேலை கீழ் மூன்று தந்திகளில் நடக்கிறது.